கீழ இருக்குற தெர்மோஸ்டாட்ட மாடிக்கு மாத்தணுமா? டக்டட் ஏசி வெச்சிருக்கவங்களுக்கு முழு வழிகாட்டி

சென்னையில தனி வீடோ டூப்ளெக்ஸோ கட்டி ரெண்டு மாடிக்கும் சேத்து ஒரே டக்டட் ஏசி (ஒரு மெஷின்லேர்ந்து குழாய் வழியா எல்லா ரூமுக்கும் குளிர் காத்து அனுப்புறது) போட்டவங்க வீட்ல ஏப்ரல் வந்தாலே ஒரு புகார் கெளம்பிடும், கீழ ஹால்ல போர்வை கேக்குறாங்க, மேல பெட்ரூம்ல ஃபேன் அஞ்சுல சுத்தியும் புழுக்கம் போகல. உடனே டன் பத்தலன்னு முடிவு பண்ணிடாதீங்க. தெர்மோஸ்டாட் கீழ ஹால் சுவத்துல உக்காந்திருக்கு, அந்த சுவத்துக்கிட்ட இருக்குற காத்த மட்டும்தான் அது அளக்கும், அங்க 24 வந்துடுச்சுன்னா கம்ப்ரஸர நிறுத்திடும். மாடியில 29 இருக்குறது அதுக்கு எப்படித் தெரியும்?

அப்ப மாடிக்கு மாத்திட்டா சரியாயிடுமான்னா, வயர் வேலைய பொறுத்தவரைக்கும் நல்ல ஆளா இருந்தா அரை நாள்ல முடிஞ்சிடும். ஆனா வெறும் டப்பாவ மட்டும் மாத்தினீங்கன்னா பிரச்சனை மாடியிலேர்ந்து கீழ எறங்கும், அவ்ளோதான். மாடி 24க்கு வர்ற வரைக்கும் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், அதுக்குள்ள கீழ 21க்குப் போயிடும். நம்ம வீடுகள்ல கீழ யார் படுக்குறாங்க? முட்டி வலியில படி ஏற முடியாத தாத்தா பாட்டிதான். அதனால இது தெர்மோஸ்டாட்ட மாத்துற வேலை மட்டும் கெடையாது, காத்த ரெண்டு மாடிக்கும் திரும்ப பங்கு போடுற வேலையும் சேந்தது, டேம்பர் (டக்ட் குள்ள காத்த கூட்டி கொறைக்கிற தட்டு) செட் பண்ற வேலைய மெக்கானிக்கோட மொதல்லயே பேசிக்கோங்க.

மாத்துறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

மொதல்ல உங்க வீட்ல ஒரு மெஷினா ரெண்டு மெஷினான்னு பாருங்க. மொட்டை மாடியில எத்தன அவுட்டோர் நிக்குது, ஃபால்ஸ் சீலிங் குள்ள எத்தன இண்டோர் இருக்குன்னு ஏணி போட்டு பாத்துடுங்க. விஆர்எஃப் சிஸ்டமா இருந்தா அவுட்டோர் ஒண்ணுதான் இருக்கும் ஆனா ஒவ்வொரு இண்டோருக்கும் தனித்தனி கண்ட்ரோலர், அங்க எதையும் மாடி மாத்த வேண்டியதே இல்ல, இடம் சரியில்லன்னா அதே மாடியில நகத்தினா போதும். ரெண்டு டக்டட் யூனிட் இருந்து ரெண்டு தெர்மோஸ்டாட்டும் கீழயே மாட்டியிருக்குற வீடும் உண்டு, கட்டும்போது வயர் இழுக்க சோம்பல் பட்டு பண்ணது. அது ரொம்ப சுலபமான கேஸ், மாடி யூனிட்டோடத மேல கொண்டு போனா முடிஞ்சது. ரெண்டு மாடிக்கும் ஒரே மெஷின்னா தான் இந்த கட்டுரை முழுசும் உங்களுக்கு.

அடுத்தது அளவு. ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ரெண்டு வாங்குங்க, ஹியூமிடிட்டியும் காட்டுறதா இருந்தா நல்லது. ரெண்டையும் ஒரே மேஜையில கொஞ்ச நேரம் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே நம்பர் காட்டுதான்னு பாத்துட்டு, ஒண்ணு கீழ ஒண்ணு மேல வெச்சுடுங்க. மதியம் மூணு மணி, சாயங்காலம் ஏழு, ராத்திரி பதினொண்ணு, விடியக்காலை நாலு, இந்த நாலு நேரமும் சில நாள் குறிச்சு வைங்க. ராத்திரி ரீடிங் தான் முக்கியம். மொட்டை மாடி கான்கிரீட் பகல் பூரா குடிச்ச வெயில உடனே விடாது, சூரியன் போனதுக்கப்புறம் தான் மெதுவா கீழ எறக்கும், மேற்கு பாத்த சுவரும் அப்படித்தான். பகல்ல ஒரு டிகிரி வித்தியாசம் காட்டுற வீடு ராத்திரி பதினொரு மணிக்கு நாலு டிகிரி காட்டும். அதுலயும் பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் கடல் காத்து மதியமே வந்துடும், போரூர், அம்பத்தூர் பக்கம் அது வந்து சேரவே லேட்டாகும், சில நாள் வராமலே போயிடும், அதனால சொந்தக்காரங்க வீட்டுக்கு ஒத்து வந்த செட்டிங் உங்க வீட்டுக்கு வரும்னு நம்பாதீங்க.

என்னோட கணக்கு இதுதான்: ராத்திரி வித்தியாசம் ரெண்டு டிகிரிக்குள்ள இருந்தா தெர்மோஸ்டாட்ட தொடாதீங்க, டேம்பர மட்டும் சரி பண்ணுங்க. அதுக்கு மேல இருந்து, ராத்திரி பெரும்பாலானவங்க மாடியிலதான் தூங்குறாங்கன்னா மாத்துங்க. ராத்திரி எல்லாரும் கீழயே தூங்குற வீடா இருந்தா தெர்மோஸ்டாட் கீழயே இருக்கட்டும், மாடிக்கு ஒரு சின்ன ஸ்ப்ளிட் போட்டுட்டு போறது மேல்.

இன்னொண்ணும் கேளுங்க. ரிட்டர்ன் ஏர் கிரில் மாடியில இருக்கா? கீழ மட்டும் பெரிய கிரில் வெச்சு, மேல சப்ளை மட்டும் குடுத்திருந்தா, மாடி காத்து திரும்பி மெஷினுக்கு வர்றதுக்கு வழியே இல்ல. தெர்மோஸ்டாட் மேல போனாலும் ரூம் கதவ சாத்துனதும் காத்து உள்ள போக முடியாம திணறும். கதவுக்கு அடியில முக்கால் இஞ்சாவது கேப் வேணும், இல்ல கதவுலயே ஒரு கிரில் வைக்கணும்.

உங்க தெர்மோஸ்டாட் எந்த ரகம்

இதுல தப்பு பண்ணா உயிருக்கே ஆபத்து, அதனால நிதானமா படிங்க. வெளிநாட்டு வீடியோல பாத்தா தெர்மோஸ்டாட் வயர கையிலயே புடிச்சு முறுக்குவாங்க, ஏன்னா அமெரிக்காவுல வீட்டு தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 24 வோல்ட். நம்ம ஊர்ல அந்த நம்பிக்கைய வெச்சுக்கவே கூடாது. பழைய ஃபிக்ஸட் ஸ்பீட் டக்டட் மெஷின்கள்ல சுவத்து தெர்மோஸ்டாட்டுக்கு நேரா 230 வோல்ட் வந்து, அங்கேர்ந்து கான்டாக்டருக்கும் (கம்ப்ரஸர ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) ஃபேன் ஸ்பீடுக்கும் போகும். டெர்மினல்ல எல், என், லோ, மீடியம், ஹைன்னு எழுதியிருந்தா அதுதான்.

ரெண்டாவது ரகம் 24 வோல்ட், ஆர், சி, ஒய், ஜின்னு எழுத்து இருக்கும். ஆர் பவர், சி அதோட ரிட்டர்ன், ஒய் கம்ப்ரஸருக்கு, ஜி ஃபேனுக்கு. ஹீட்டிங்குக்கு டபிள்யூன்னு ஒரு டெர்மினல் இருக்கும், சென்னையில அது காலியாத்தான் கெடக்கும்.

மூணாவது இப்ப வர்ற இன்வெர்ட்டர் டக்டட், விஆர்எஃப் எல்லாத்துலயும் இருக்குற வயர்டு ரிமோட். பாக்க தெர்மோஸ்டாட் மாதிரி இருந்தாலும் ரெண்டே வயர்ல டேட்டாவும் பவரும் போகும். டைக்கின்ல பி1, பி2ன்னு இருக்கும், எந்த வயர் எதுல போட்டாலும் வேலை செய்யும், வேற பிராண்டுகள்ல மூணு நாலு வயரும் வரும், அங்க மாத்தி போட்டா போர்டு போயிடும். இந்த ரகத்துக்குப் பக்கத்துல 230 வோல்ட் ஒரு தடவை பட்டாலும் போதும், பிசிபிக்கு (மெஷினோட எலக்ட்ரானிக் போர்டு) விலை கேட்டா மயக்கம் வரும்.

யுஎஸ்லேர்ந்து வர்ற அண்ணனோ மாமாவோ ஆசையா நெஸ்ட், ஈகோபீன்னு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் எடுத்துட்டு வருவாங்க. அங்க விக்கிற அந்த மாடல்கள் 24 வோல்ட் சிஸ்டத்துக்கானது. 230ல மாட்டினா அங்கயே புகைஞ்சிடும், ரெண்டு வயர் கம்யூனிகேஷன் மெஷின்ல மாட்டினா ஒண்ணுமே புரியாம சும்மா நிக்கும். உங்க மெஷின் ரெண்டாவது ரகமா இருந்தா மட்டும் அத பத்தி யோசிங்க.

இடம் பாக்குறது

வயர் இழுக்குறவங்க எது கிட்டவோ அங்க மாட்டிட்டு போயிடுவாங்க, அதனால இடத்த நீங்களே பென்சில்ல குறிச்சு வெச்சுடுங்க. தரையிலேர்ந்து அஞ்சடி உயரம், உள் சுவரு, மாடி ஃபேமிலி ஹால் மாதிரி ரூம்களுக்கு நடுவுல இருக்குற பொது இடம், ரிட்டர்ன் கிரில் அதே பக்கம் இருந்தா ரொம்ப நல்லது.

எங்க கூடாதுன்னா, மேற்கு தெற்கு பாத்த வெளிச் சுவரு கூடாது. டிஃப்யூஸர்லேர்ந்து (டக்ட் காத்து ரூமுக்குள்ள வர்ற வாய்) வர்ற குளிர் காத்து நேரா அடிக்கிற எடம் கூடாது. டிவிக்கு மேல, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் பக்கம் கூடாது. பூஜை அலமாரிக்கு பக்கத்து சுவரு வேண்டவே வேண்டாம், வெள்ளிக்கிழமை அஞ்சு விளக்கு ஏத்தி கற்பூரம் காட்டினீங்கன்னா தெர்மோஸ்டாட்டுக்கு வீடே எரியிற மாதிரி தெரியும், மெஷின முழு வேகத்துல ஓட விட்டுடும். சுவத்துக்கு அந்தப்புறம் என்ன இருக்குன்னும் பாருங்க, பாத்ரூம் கீஸர் தொங்குற சுவரா இருந்தா விட்டுடுங்க.

படிக்கட்டு சுவரு பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பில்டர்ங்க ரொம்ப விரும்பி மாட்டுற எடம் அது. குளிர்ந்த காத்து கனம், மாடியில விட்ட குளிர்ச்சி படி வழியா கீழ வழிஞ்சுக்கிட்டே இருக்கும், சூடான காத்து அதே வழியா மேல ஏறும். அந்த எடத்துல எடுத்த அளவு மாடியோடதும் இல்ல கீழதும் இல்ல. படி முடியிற எடத்துலேர்ந்து எட்டு பத்தடியாவது உள்ள தள்ளி மாட்டுங்க.

பெட்ரூம் குள்ள மாட்டலாமான்னா, அந்த ஒரு ரூம்ல தூங்குறவங்களுக்கு சொர்க்கம், கதவ சாத்துனதும் மத்த ரூம்லாம் அவங்க தயவுல இருக்கணும். வேண்டாம்.

வயர் போற பாதை

எலக்ட்ரீஷியன் வந்ததும் பழைய தெர்மோஸ்டாட் பாக்ஸ்லேர்ந்து மேல வயர் இழுக்கலாம்னு ஆரம்பிப்பாரு. கொஞ்சம் நிறுத்துங்க. தெர்மோஸ்டாட் வயர் அங்க முடியுது, அது ஆரம்பிக்கிறது இண்டோர் யூனிட்ல. இண்டோர் யூனிட் மாடி ஃபால்ஸ் சீலிங்லயோ லாஃப்ட்லயோ இருந்தா, அங்கேர்ந்து புது எடத்துக்கு நேரா புது கேபிள் இழுக்குறது தான் கிட்ட, நடுவுல ஜாயிண்ட்டும் வராது, தளத்த தொளைக்கவும் வேண்டாம். பழைய கேபிள யூனிட் பக்கம் கழட்டி, முனைய இன்சுலேட் பண்ணி அப்படியே விட்டுடலாம்.

இண்டோர் யூனிட் கீழதான் இருக்குதுன்னா மாடிக்கு ஏற வழி தேடணும். ஏசி காப்பர் பைப், ட்ரெயின் பைப் போற டக்ட் ஷாஃப்ட் இருக்கும், அது தான் முதல் சாய்ஸ். இல்லன்னா ஏற்கனவே கன்சீல்டு பைப்ல இடம் இருக்கான்னு பாக்கணும், ஆனா கரண்ட் வயர் போற அதே பைப்புக்குள்ள கம்யூனிகேஷன் வயர போடக்கூடாது, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு இஞ்சாவது இடைவெளி, குறுக்க போனா நேர் குறுக்கா போகணும். இல்லன்னா மெஷின் காரணமே இல்லாம எரர் காட்டும், வர்ற மெக்கானிக்கெல்லாம் பிசிபி போச்சுன்னு சொல்லிட்டு போவாங்க. தளத்துல ஓட்டை போட்டே ஆகணும்னா பீம்ல கைய வெக்காதீங்க, கம்பி எங்க போகுதுன்னு ஸ்கேன் பண்ணி சின்ன கோர் கட்டிங் (மெஷின்ல வட்டமா தொளைக்கிறது) தான், சுத்தியல் வெச்சு ஒடைக்கிறது கூடாது. அப்பார்ட்மென்ட் டூப்ளெக்ஸா இருந்தா அசோசியேஷன்ல எழுதி வாங்கிட்டு பண்ணுங்க, போஸ்ட் டென்ஷன் தளமான்னு (உள்ள இழுத்துக் கட்டின ஸ்டீல் கேபிள் இருக்குற தளம்) கண்டிப்பா கேளுங்க, ஆமான்னா அந்த எண்ணத்தையே விட்டுடுங்க.

சுவத்துல காடி (பைப் பதிக்கிற பள்ளம்) வெட்டுறது நாலரை இஞ்ச் சுவருன்னா மெஷின்ல வெட்டணும், உளி வெச்சு அடிச்சா அந்தப்பக்கம் பூச்சு கொட்டும். செங்குத்தா மேலேர்ந்து கீழ எறக்குங்க, படுக்கையா நீளமா வெட்டாதீங்க. 20 எம்எம் பிவிசி பைப் போதும். கேபிள் ரெண்டு வயர் ரிமோட்டுக்கு 0.75லேர்ந்து 1.25 ஸ்கொயர் எம்எம் வரைக்கும், உங்க மேனுவல்ல என்ன சொல்லியிருக்கோ அதுதான் சட்டம். 24 வோல்ட்டுக்கு தேவைய விட ரெண்டு கோர் அதிகமா இழுத்து வைங்க, பின்னாடி ஒரு வயர் அறுந்தாலும் மறுபடி சுவத்த கீற வேண்டாம். 230 வோல்ட்டுக்கு ஐஎஸ்ஐ போட்ட காப்பர் வயர், எர்த்தோட.

இந்த வேலைக்கு நல்ல நேரம் தை மாசி. ஐப்பசி கார்த்திகை மழையில சுவரு ஈரமா இருக்கும், சித்திரை வந்துட்டா மெக்கானிக் ஃபோனே எடுக்க மாட்டாரு. கூலி பேசும்போது பூச்சு, பட்டி, டச்சப் பெயின்ட் எல்லாம் சேத்தான்னு கேட்டு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கோங்க.

வேலை நடக்குற அன்னிக்கு

ஏசிக்கு தனி எம்சிபி இருக்கும், அத எறக்கினா போச்சுன்னு நினைக்காதீங்க. நம்ம வீடுகள்ல யுபிஎஸ் இன்வெர்ட்டர் லைன் தனியா ஓடும். தெர்மோஸ்டாட்டுக்கு பவர் பக்கத்து லைட் பாயின்ட்லேர்ந்து எடுத்திருந்தா, மெயின அணைச்சாலும் பேட்டரியிலேர்ந்து அதே 230 வந்துக்கிட்டே இருக்கும். த்ரீ பேஸ் வீட்ல மெஷின் ஒரு பேஸ்லயும் கண்ட்ரோல் வேற பேஸ்லயும் இருக்கலாம். அதனால ஏசி எம்சிபி, கண்ட்ரோலுக்கு பவர் வர்ற எம்சிபி, அவுட்டோர் ஐசோலேட்டர் (அவுட்டோர் பக்கத்துல இருக்குற சுவிட்ச்), யுபிஎஸ் நாலையும் அணைச்சுட்டு, பத்து நிமிஷம் விட்டுடுங்க, இன்வெர்ட்டர் மெஷின் கெப்பாசிட்டர்ல சார்ஜ் எறங்கணும். அப்புறம் டெர்மினல்ல மல்டிமீட்டர் வெச்சு ஒவ்வொரு ஜோடியா பாக்கணும், எர்த்துக்கும் சேத்து. மீட்டர் நல்லா இருக்கான்னு வேற ஒரு லைவ் பிளக்ல வெச்சு பாத்துட்டு வந்து பாக்கச் சொல்லுங்க. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் லைட் எரியலன்னு நம்பி கைய வெக்கிறத நீங்க பாத்தா நிறுத்துங்க. 230 ரகமா இருந்தா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் தான் தொடணும், நீங்க வேடிக்கை மட்டும் பாருங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஃபோட்டோ எடுங்க, கிட்ட ஒண்ணு தள்ளி ஒண்ணு. ஒவ்வொரு வயர்லயும் மாஸ்கிங் டேப் ஒட்டி டெர்மினல் எழுத்த எழுதுங்க, கலர நம்பாதீங்க, அன்னிக்கு கையில என்ன கலர் இருந்ததோ அத போட்டிருப்பாங்க. யூனிட் பக்கமும் இதே மாதிரி.

புது கேபிள ஸ்பிரிங்ல கட்டி இழுத்ததும் ரெண்டு முனையிலயும் ஆறு இஞ்ச் விட்டு வைக்கச் சொல்லுங்க. எதையும் கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி கண்டினியூட்டி (வயர் நடுவுல அறுபடாம இருக்கா) பாக்கணும், கோருக்கு கோர் ஷார்ட் இருக்கான்னும் பாக்கணும். மெக்கர் (அதிக வோல்ட் குடுத்து இன்சுலேஷன் பாக்குற மீட்டர்) போடுறதா இருந்தா கேபிள் ரெண்டு பக்கமும் தனியா தொங்கும்போது மட்டும், பிசிபில மாட்டிட்டு மெக்கர் சுத்தினா போர்டு காலி.

இப்ப யாரும் செய்யாத ஒரு சின்ன வேலை. தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னாடி பைப் வாய் தொறந்திருக்கும் இல்லையா, அந்தப் பைப் நேரா போறது மொட்டை மாடி தளத்துக்கு அடியில இருக்குற ஃபால்ஸ் சீலிங் இடைவெளிக்கு. அங்க வெயில் நேரத்துல காத்து அடுப்பாட்டம் கொதிக்கும், அது பைப் வழியா எறங்கி சென்சாருக்குப் பின்னாடியே வந்து மூச்சு விடும். ரூம் 25 இருக்கும், தெர்மோஸ்டாட் 28ன்னு காட்டும், மெஷின் நிக்கவே நிக்காது. வயர் வந்ததும் பைப் வாய டக்ட் சீல் பட்டி (ஓட்டைய அடைக்கிற களிமண் மாதிரியானது) வெச்சு சுத்தமா அடைச்சுடுங்க. எறும்பும் பல்லியும் வர்ற வழியும் அதோட அடைபட்டுடும், எறும்பு கூடு கட்டின கண்ட்ரோலர் போர்டு சென்னையில சாதாரணம்.

பழைய பாக்ஸ்ல 230 வயர் இருந்தா அத டேப் சுத்தி பூச்சுக்குள்ள பொதைக்காதீங்க. எடுக்க முடிஞ்சா அடிமுனையிலேயே கழட்டணும், முடியலன்னா கனெக்டர் போட்டு பிளாங்க் பிளேட் மாட்டி வைங்க.

ஆன் பண்ணதுக்கப்புறம்

பவர் குடுத்ததும் கம்ப்ரஸர் ஓடலன்னு பதறாதீங்க, மூணு நிமிஷம் போல டிலே இருக்கும். ஃபேன் ஸ்பீடு மூணும் மாறுதா, டெம்பரேச்சர் கொறைச்சா மெஷின் எடுக்குதா, ஏத்தினா நிக்குதான்னு பாருங்க.

வயர்டு ரிமோட் ரகத்துல ஒரு பெரிய விஷயம் இருக்கு. நெறைய மெஷின் ரூம் அளவ ரிமோட்லேர்ந்து எடுக்காது, ரிட்டர்ன் ஏர்ல இருக்குற சென்சார்லேர்ந்து எடுக்கும். ரிமோட்ட மாடிக்கு மாத்தி அந்த செட்டிங்க மாத்தலன்னா செலவு பண்ணது அத்தனையும் வீண், பட்டன் மட்டும் தான் மாடிக்கு வந்திருக்கும். ஃபீல்டு செட்டிங்ல (மெக்கானிக்குக்கான மெனு) போய் ரிமோட் சென்சார்னு மாத்தச் சொல்லுங்க. இன்னும் சொல்லப்போனா, வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இத கேளுங்க, சில மெஷின்ல தனி ரிமோட் சென்சார் ஆப்ஷன் இருக்கும், கண்ட்ரோலர் கீழயே இருக்க சென்சார் மட்டும் மாடிக்கு போனா போதும், தாத்தாவும் படி ஏறாம ஆஃப் பண்ணலாம்.

அப்புறம் டேம்பர். கீழ் மாடிக்குப் போற டக்ட்ல இருக்குற டேம்பர் கைப்பிடிய கொஞ்சம் மூடுங்க, ஒரு நாள் முழுக்க விட்டுட்டு அதே ரெண்டு தெர்மாமீட்டரையும் பாருங்க, தேவைன்னா இன்னும் கொஞ்சம். ஒரே நாள்ல நாலு தடவை திருப்புனா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. எதையும் முழுசா மூடாதீங்க, மொத்த காத்து ஓட்டம் கொறைஞ்சா காயில்ல ஐஸ் கட்டும், அப்புறம் அது உருகி ஃபால்ஸ் சீலிங்ல தண்ணி சொட்டும். கீழ பெரியவங்க கட்டிலுக்கு நேரா இருக்குற டிஃப்யூஸரோட பிளேட வேற பக்கம் திருப்புங்க, படி மேல ஒரு கனமான திரை போட்டாலே கீழ வழியிற குளிர்ச்சி நல்லா கொறையும்.

மாடி அளவுக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சதும் ஓடுற நேரம் கூடும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற ஈபி பில்லும் ஏறும். ஒரு டிகிரி ஏத்தி வெச்சா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு பிஇஇ சொல்லுது, அதனால 24ல ஆரம்பிக்காம 26 வெச்சு ஃபேனோட பாருங்க, தூங்குற எடத்துலயே அளவு எடுக்குறதால 26 போதும்னு நிறைய பேருக்கு தோணும். மொட்டை மாடியில வெள்ள கூல் ரூஃப் டைலோ வெள்ள கோட்டிங்கோ போட்டீங்கன்னா மாடிக்கும் கீழயும் இருக்குற வித்தியாசமே சுருங்கும், அது போட்டதுக்கப்புறம் டேம்பர மறுபடி செட் பண்ணணும்.

கடைசியா, பூச்சு மூடுறதுக்கு முன்னாடி காடி வெட்டின சுவத்த இஞ்ச் டேப் வெச்சு ஃபோட்டோ எடுத்து, டெர்மினல் ஃபோட்டோவோட சேத்து ஃபேமிலி குரூப்ல போட்டு வைங்க, அடுத்த வருஷம் யாராவது காலண்டர் மாட்ட அதே எடத்துல ட்ரில் போட வருவாங்க.